மரியகொறற்றி தானே வாசிப்பார்

ரூபிகாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதிரே இருப்பவர் ஒரு வசனத்தைத் தொடங்கினால் அதை முடித்து வைப்பது அவளாகத்தான் இருக்கும். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் இழப்பீட்டுப் பிரிவில் வேலை. "மிஸ், நேற்று என்ரை கார்..." என்று யாராவது இழுத்தால், "பின்னாலை இடிச்சதோ, முன்னாலையோ?" என்று கேட்டு, அவர் மூச்சு விடுவதற்குள் பாதி வேலையை முடித்துவிடுவாள். கூட வேலை செய்பவர்கள் பகிடி பண்ணுவார்கள். அவள் பொருட்படுத்துவதில்லை. நேரம் மிச்சம்தானே.

வெள்ளவத்தைப் புத்தக விழாவில் அந்த வேகத்துக்கு நல்ல மரியாதை இருந்தது. வருடத்தில் இரண்டு நாள் நடக்கிற விழா. தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது; விழாப் பெயர் போட்ட ஒரு ரீசேட்டும் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலும்தான். ரூபிகாவுக்கு விருந்தினர் பொறுப்பு. எழுத்தாளர்களை வீட்டிலிருந்து கூட்டிவந்து மேடையேற்றி, நேரத்துக்கு இறக்கி, பத்திரமாகத் திரும்பக் கொண்டுபோய் விடவேண்டும். ஏற்றுவது சுலபம். இறக்குவதுதான் கஷ்டம்.

இறங்கவே மாட்டேன் என்று நின்றவர்களில் முதலாமவர் மரியகொறற்றி. கொட்டாஞ்சேனைப் பெண்மணி; எல்லாருக்கும் கொறற்றி. துறைமுக அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மூன்று சிறுகதைத் தொகுப்புகள் போட்டவர். விழா தொடங்கிய வருடத்திலிருந்து ஒரு தடவைகூடத் தவறவிடாமல் வந்தவர். அவர் பேசினால் மண்டபம் குலுங்கும். போன வருடம் ரூபிகா 'நேரம் முடிந்தது' அட்டையைத் தூக்கிக் காட்டியபோது, "இந்தப் பிள்ளைக்கு அவசரமா எங்கயோ போகணும் போல, யாராவது ஓட்டோ பிடிச்சுக் குடுங்க" என்று ஒலிவாங்கியிலேயே சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தார். அடுத்த மாதமே அவருக்குப் பாரிசவாதம் வந்து, வலது பக்கமும் பேச்சும் விழுந்துபோயின.

இந்த வருடம் அழைப்பிதழோடு ரூபிகா கொட்டாஞ்சேனைக்குப் போனபோது, கதவைத் திறந்தவர் கொறற்றியின் கணவர் வலன்ரைன். மெலிந்து போயிருந்தார். உள்ளே மேசையடியில் கொறற்றி இருந்தார். வலது கை மடியில் சும்மா கிடந்தது. கதிரையில் ஒரு கைத்தடி சாத்தியிருந்தது.

"வா," என்றார். பிறகு, "இரு."

அந்த இரண்டு சொல்லும் தெளிவாக வந்ததில் ரூபிகாவுக்குப் பெரிய ஆறுதல். தேத்தண்ணீர் வந்ததும் விஷயத்தை மளமளவென்று சொன்னாள். கொறற்றி அன்ரிக்கு மேடையில் பொன்னாடை போர்த்துவார்கள். பிறகு வானொலி அறிவிப்பாளர் மிதுஷன் அவருடைய கதை ஒன்றை வாசிப்பார். அன்ரி பக்கத்திலே இருந்தால் போதும். ஒரு கரைச்சலும் இல்லை.

"வேண்டாம்," என்றார் கொறற்றி.

"எது அன்ரி, பொன்னாடையோ?"

"ரெண்டும்." இடது கையால் தன் நெஞ்சில் தட்டினார். "நான்."

ரூபிகா வலன்ரைனைப் பார்த்தாள்.

"தானே வாசிக்கணுமாம்," என்றார் அவர். "கொஞ்ச நாளா இதேதான். புதுசா ஒரு கதை எழுதியிருக்கிறா. இடது கையால. ஒரு பக்கம்தான், ஆனா அதுக்கு எவ்வளவு காலம் எடுத்தது எண்டு எனக்குத்தான் தெரியும்."

கொறற்றி மேசையிலிருந்த தாளைத் தன் பக்கம் இழுத்தார். வலன்ரைன் பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்த பிரதி. விரலை முதல் வரியில் வைத்தார்.

"மீன்... மீன் சங்... சங்கிலி..." தலையை ஆட்டினார். "இல்ல. மீன்... சந்... சந்..."

"சந்தைக்கு," என்றாள் ரூபிகா.

கொறற்றியின் கை மேசையில் அறைந்தது. தேத்தண்ணீர்க் கோப்பை ஒருதரம் துள்ளி அடங்கியது. ரூபிகா திடுக்கிட்டுப்போனாள்.

"எடுத்துக் குடுக்கக் கூடாது மகள்," என்றார் வலன்ரைன். அவர் குரலில் கோபம் இல்லை. "நானும் அதத்தான் செஞ்சன். இவ வாயத் திறக்க முந்தியே நான் சொல்லிப்போடுவன். கடைசியில இவ பேசுறதையே விட்டுட்டா. ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்கிற மிஸ் எனக்குத்தான் ஏசினா. 'ஐயா நீங்க வாயை மூடுங்க, அப்பதான் அவங்க திறப்பாங்க' எண்டு. சொல்லெல்லாம் உள்ளுக்கு இருக்குது. வெளிய வாற வழிதான் சிக்கலாப் போச்சு. பாத்துக்கொண்டு இருக்கணும். அவ்வளவுதான்."

ரூபிகா பார்த்துக்கொண்டு இருந்தாள். வாழ்க்கையில் இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை. சந்தை என்ற சொல் அவளுடைய நாக்கின் நுனியில் நின்று துடித்தது. கொறற்றியின் நெற்றியில் வியர்வை அரும்பியது. உதடு ஒரு பக்கம் இழுபட்டது. பிறகு ஒரு தள்ளுத் தள்ளினாற்போல, "சந்தைக்கு" வந்தது. அதன் பின்னால் மீதிச் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"மீன் சந்தைக்குப் போன... அண்டைக்கு... என்னிட்ட... சொல் இருக்கேல்ல."

முடித்ததும் தலையை நிமிர்த்தினார். மேடையில் ஒரு பகிடியைச் சொல்லிவிட்டுச் சபையைப் பார்ப்பாரே, அதே பார்வை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ரூபிகா ஒன்றும் தீர்மானிக்கவில்லை. பயம்தான் இருந்தது. மண்டபம் நிறையச் சனம். ஆளுக்கொரு போன். ஒரு நிமிஷம் மேடையில் சத்தம் இல்லையென்றால் பக்கத்து ஆளோடு கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். இதைச் செய்யாமல் விடுவதற்கு நூறு நியாயம் இருந்தது. ஆனால் பம்பலப்பிட்டி தாண்டும்போது அவளுக்கு ஒன்று விளங்கியது. அந்த நூறு நியாயத்தில் ஒன்றுகூடக் கொறற்றி அன்ரியுடையது அல்ல.

விழாக் குழுவின் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா. வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். விழாவைத் தூக்கி நிறுத்தியவர். கெட்ட மனிதர் இல்லை. அதனாலேயே அவரோடு வாதாடுவது கடினம்.

"பிள்ளை, அவ அந்த மேடையிலை ராணி மாதிரி நிண்டவ," என்றார். "சனம் அவவை அப்பிடியே ஞாபகம் வைச்சிருக்கட்டும்."

"அவ இன்னும் உயிரோடை இருக்கிறா சேர். ஞாபகம் வைச்சிருக்க இப்ப என்ன அவசரம்?"

"அதில்லை ரூபிகா. இடையிலை நிண்டு போச்சுதெண்டால்?"

"நிண்டு போகும். பிறகு தொடங்கும்."

"சனம் சிரிச்சால்?"

"அவ சனத்தைச் சிரிக்க வைச்சே பழகினவ."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. பொறுப்பு உம்மோடை. மிதுஷனை ஆயத்தமா வைச்சிரும். ஏலாமல் போனால் அவர் வாசிக்கட்டும்."

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ரூபிகா கொட்டாஞ்சேனைக்குப் போகத் தொடங்கினாள். பூசை முடிந்து கொறற்றியும் வலன்ரைனும் வீடு திரும்பும் நேரமாகப் பார்த்துப் போவாள். கொறற்றி வாசிப்பார். அவள் இருப்பாள். உதவி என்று சொல்ல எதையும் அவள் செய்யவில்லை. உதவி செய்யாமல் இருக்கப் பழகினாள். சில நாள் பக்கம் நன்றாகப் போகும். சில நாள் முதல் வரியோடு கொறற்றி தாளைத் தள்ளிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிவிடுவார். ஒருநாள் கண்ணீர் வந்தது. அழுகை இல்லை, ஆத்திரம். ரூபிகா அடுத்த கிழமையும் போனாள். தாள் மேசையில் தயாராக இருந்தது.

இந்தப் பழக்கம் அலுவலகத்துக்கும் தொற்றியது. ஒருநாள் ஒருவர் வந்து நின்று, "மிஸ், என்ரை லொறியை..." என்றார். வழக்கமென்றால் "எங்கை இடிச்சது?" என்று கேட்டிருப்பாள். அன்றைக்குப் பேசாமல் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமினார். "...வித்திட்டன் மிஸ். தம்பியின்ரை படிப்புக்கு. இனிக் காப்புறுதி வேண்டாம்." அந்த மனிதர் போனபின், தான் இத்தனை வருடமும் எத்தனை பேருடைய வசனத்தைப் பிழையாக முடித்து வைத்திருப்பேன் என்று அவள் யோசித்தாள்.

விழாவின் முதல் நாள். கடற்கரைப் பக்கத்து மண்டபம். வாசலில் புத்தகக் கடைகள், உள்ளே கதிரைகள் நிரம்பி, சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். கொறற்றி வந்திருக்கிறார் என்றதும் பழைய வாசகர்கள் சூழ்ந்துகொண்டார்கள். சுகம் கேட்டார்கள். அவர் பதில் சொல்ல வாயெடுக்கும் முன்பே, வலன்ரைனிடம் திரும்பி, "சாப்பிடுறாவோ? நித்திரை கொள்ளுறாவோ?" என்றார்கள். கொறற்றியின் முகம் இறுகிக்கொண்டு போவதை ரூபிகா பார்த்தாள்.

அவருக்கு முன்னால் இருந்த கலந்துரையாடல் முடியவே இல்லை. மொழிபெயர்ப்பைப் பற்றி மூன்று பேர் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ரூபிகா அட்டையைக் காட்டினாள். பிறகு எழுந்து நின்று காட்டினாள். ஒருவழியாக அவர்கள் இறங்கியபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. ஸ்ரீஸ்கந்தராசா, மேடையடியில் கொறற்றியின் கதிரையோரம் நின்ற ரூபிகாவிடம் வந்தார்.

"நேரம் போச்சு ரூபிகா. பொன்னாடையை மட்டும் போடுவம். கதையை மிதுஷன் பின்னேரம் வாசிக்கட்டும்."

"இல்லை சேர்."

"சனம் பசியோடை இருக்குது."

"சாப்பாடு பிந்தட்டும் சேர். கதைச்சுக் கதைச்சு நேரத்தைத் திண்டது அவவில்லை."

"நான் சொல்லுறதைக் கொஞ்சம் கேளும். இந்தக் களைச்ச சனத்துக்கு முன்னாலை அவவைக் கொண்டுபோய் நிப்பாட்டி..."

டொக், டொக் என்று சத்தம் கேட்டது. கொறற்றி கைத்தடியால் தரையில் தட்டினார். அவர்கள் இருவரும் அவருக்கு மேலாகக் குனிந்து நின்று கதைத்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் உணர்ந்தார்கள்.

"நான்," என்றார் கொறற்றி. "இங்க... இருக்கிறன்."

ஸ்ரீஸ்கந்தராசா ஓரடி விலகினார். ரூபிகா கையை நீட்டினாள். கொறற்றி பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒலி அமைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நப்ரீஸ். கொம்பனித்தெருக்காரன், அவனும் ஆரம்ப வருடத்திலிருந்து தொண்டன். படியடியில் ரூபிகாவிடம் குனிந்து, "மைக்க நான் அவங்கட வாய்க்குக் கிட்ட வெச்சிருக்கன். மெதுவாப் பேசினாலும் கேக்கும். நீங்க பயப்புட வாணாம்," என்றான்.

மேடையில் ரூபிகா முதலில் பேசினாள். என்ன சொல்லவேண்டும் என்பதைக் கொறற்றி முன்பே தீர்மானித்திருந்தார்.

"கொறற்றி அன்ரி ஒரு புதுக் கதை வாசிக்கப் போறா. பாரிசவாதத்துக்குப் பிறகு அவவுக்குச் சொல் வர நேரமெடுக்கும். தயவுசெய்து ஒருத்தரும் எடுத்துக் குடுக்க வேண்டாம். பாத்துக்கொண்டு இருந்தால் போதும்."

கொறற்றி தொடங்கினார். கதை சின்னது. ஒரு பெண் மீன் வாங்கப் போகிறாள். பேலியகொடை மொத்தச் சந்தையிலிருந்து விடிய வந்த மீன் பலகையில் குவிந்து கிடக்கிறது. அவளுக்கு எந்த மீன் வேண்டும் என்று தெரியும், பெயர்தான் வாயில் வரவில்லை. மீன்காரர் ஒவ்வொரு மீனாகத் தூக்கிக் காட்டுகிறார். இதுவா? இதுவா? பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். மீன்காரர் அவசரப்படவில்லை.

முதல் வரி வந்தது. சந்தை வந்தது. இரண்டாவது வரியில் தடக்கியது. கொறற்றி நின்றார். மண்டபத்தில் யாரோ இருமினார்கள். வெளியே கரையோர ரயில் தடதடத்துப் போனது. அது போய் முடியும் வரை நின்று, ஒரு சொல்லைப் பிடித்து வெளியே போட்டார். மூன்றாம் வரிசையில் ஒரு அம்மா பொறுக்கமாட்டாமல், "தராசு, தராசு," என்றார். கொறற்றி இடது கையை உயர்த்தினார். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து வெளியே போவதை ரூபிகா கண்டாள். யாருடையதோ போன் பாடியது. அவள் மேடையோரத்தில் நின்றபடி அந்தப் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள், அது நிற்கும் வரை.

அப்போதுதான் ஸ்ரீஸ்கந்தராசா பொன்னாடையை இரு கையிலும் ஏந்திக்கொண்டு படியில் ஏறினார். அவருடைய கண் கலங்கியிருந்தது. இதை மரியாதையாக முடித்துவைக்க நினைத்தார். ரூபிகா குறுக்கே போய்ப் படியின் தலைப்பில் நின்றாள்.

"இன்னும் முடியேல்லை சேர்."

"போதும் பிள்ளை. பாவம்."

"அவ அப்பிடிச் சொல்லேல்லை."

அவர் மேலே வரவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை. பொன்னாடையைப் பிடித்தபடி அந்தப் படியிலேயே நின்றுவிட்டார்.

கதை அந்த மீனின் பெயருக்கு வந்தது. அறக்குளா. ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதும் சண்டித்தனம் பண்ணிய சொல் அதுதான்.

"அற... அற... அறை... அலுமாரி."

மண்டபத்தில் சிரிப்பு வெடித்துச் சட்டென்று அடங்கியது. ஆனால் கொறற்றியும் சிரித்தார். ஒரு பக்கம் மட்டும் விரிந்த சிரிப்பு. "அலுமாரி... கறிக்கு... சரிவராது," என்றார். அது தாளில் இருக்கவில்லை. அவ்வளவுதான், சபை மனம்விட்டுச் சிரித்தது. போன வருடத்துச் சிரிப்பேதான்.

மறுபடியும் முயன்றார். வரவில்லை. மறுபடியும். கண்ணைத் தூக்கி ரூபிகாவைப் பார்த்தார்.

கேட்கிறாரா? சொல்லு என்கிறாரா, இல்லை சும்மா பார்க்கிறாரா? சொல் ரூபிகாவின் வாய்க்குள் முழுசாக இருந்தது. உதட்டை அசைத்தால் போதும். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவருடைய கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் அசையவில்லை. சுவரோரம் நின்ற ஆட்கள்கூட.

கொறற்றி மூச்சை இழுத்து விட்டார். தாளை ஒருதரம் பார்த்தார். பிறகு இடது கையால் காற்றில் ஒரு நீளம் காட்டினார். "அந்த மீன்," என்றார். மேலே வாசித்தார்.

"அவர்... வெட்டித் தந்தார். வீட்ட கொண்டுவந்து... கறி வச்சுச் சாப்பிட்டம். பேர்... இல்லாமலே... ருசியா இருந்தது."

தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார். முடிந்தது என்று சனத்துக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. பிறகு எழும்பிய கைதட்டலில், தராசு என்று சொன்ன அம்மா எல்லாருக்கும் முதல் எழுந்து நின்றார். ஸ்ரீஸ்கந்தராசா மேலே வந்து பொன்னாடையைப் போர்த்தினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், முடியவில்லை. கொறற்றி பொறுமையாக அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டோவில் திரும்பும்போது கொறற்றி சந்தோஷமாக இருப்பார் என்று ரூபிகா எதிர்பார்த்தாள். அவரோ முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். "பிழை," என்றார். "நிறைய." ரூபிகா இல்லை என்று சொல்லப் போனாள். பேசாமல் இருந்தாள். பிழை இருந்தது உண்மைதான்.

"அன்ரி, நீங்கள் அந்த மீனிலை நிண்டு என்னைப் பாத்தீங்கள். நான் சொல்லியிருக்க வேணுமோ?"

கொறற்றி கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்தார். "சொல்லியிருந்தா..." என்றார். மருதானைச் சந்தியின் இரைச்சல் முழுவதும் தாண்டிய பிறகுதான் மிச்சம் வந்தது. "...தடியால அடிச்சிருப்பன்."

மறுநாள் காலை ரூபிகா மண்டபத்தின் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது, வாசலில் கொறற்றியும் வலன்ரைனும் நின்றார்கள். அன்றைய நிகழ்ச்சியில் அவருக்கு இடம் எதுவும் இல்லை. கூட்டிவர வாகனமும் போகவில்லை. பஸ்ஸில் வந்திருந்தார்கள்.

"வேலை," என்றார் கொறற்றி.

"என்ன வேலை அன்ரி?"

ரூபிகா போட்டிருந்த ரீசேட்டைக் கைத்தடியால் சுட்டிக் காட்டினார். "ஆக்களோட... பேச."

வலன்ரைன் விளக்கினார். "வீட்டில நான் ஒருத்தன்தானே. இவ என்ன சொல்ல வாறா எண்டு எனக்கு முந்தியே தெரிஞ்சிடுதாம். அதால பயிற்சிக்கு நான் உதவாதவனாம். காலையில எழும்பினதில இருந்து இதுதான் ஏச்சு."

ரூபிகா உள்ளே ஓடிப்போய்ப் பெரிய அளவில் ஒரு ரீசேட் எடுத்துவந்தாள். சேலைச் சட்டைக்கு மேலாலேயே போட்டுவிட்டார்கள். வாசலில் ஒரு கதிரை, ஒரு மேசை. வருகிறவர்களை வரவேற்று நிகழ்ச்சி நிரலைக் கொடுக்கவேண்டும். கொறற்றி இடது கையால் நிரல்களை அடுக்கி வைத்துக்கொண்டார்.

"வாங்க," என்றார் முதலில் வந்த குடும்பத்தைப் பார்த்து. அது சுலபமாக வந்தது. சுலபமானதோடு திருப்திப்படும் ஆள் அவர் இல்லை. தெரிந்த முகம் வந்தால் பெயரைச் சொல்லித்தான் உள்ளே விடுவது என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். வருடாவருடம் வருகிறவர்கள்; முக்கால்வாசிப் பேரை அவருக்குத் தெரியும். சுரேகாவின் பெயர் சட்டென்று வந்தது. ஸவாஹிரின் பெயருக்குக் கொஞ்சம் மினக்கெட வேண்டியிருந்தது. அவர் சிரித்துக்கொண்டு காத்து நின்றார். நேற்றைய மூன்றாம் வரிசை அம்மா தன் பெயரைத் தானே சொல்லப்போய், நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார். வாசலில் வரிசை நீளத் தொடங்கியது. வெயிலும் ஏறியது. ரூபிகா ஒருவரையும் பக்கத்துக் கதவால் விடவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஸ்ரீஸ்கந்தராசா வந்தார். தலைவர் என்றபடியால் நேரே உள்ளே போகக் காலெடுத்து வைத்தார். கொறற்றியின் கைத்தடி குறுக்கே நீண்டது. அவர் நின்றார். கொறற்றியின் உடம்பில் இருந்த ரீசேட்டையும், மேசையையும், கையை மடித்துக்கொண்டு நின்ற ரூபிகாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விளங்கிக்கொண்டவர்போல இரண்டு அடி பின்னால் எடுத்து, மேசைக்கு நேரே வந்து நின்றார்.

"ஸ்..." என்றார் கொறற்றி. "ஸ்... சிறி... சிறில்... இல்ல. ஸ்ரீ... ஸ்ரீஸ்..."

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர், "என்ன முன்னுக்கு? ஏன் போகுதில்லை?" என்று குரல் கொடுத்தார்.

ஸ்ரீஸ்கந்தராசா தலையைத் திருப்பவில்லை. கையை மட்டும் பின்னால் காட்டினார்.

"பொறுங்கோ," என்றார். "அவ என்ரை பேரைச் சொல்லிக்கொண்டிருக்கிறா."